மார்பகப் புற்றுநோய்: கத்திக்கு முன்னால் ரிப்போர்ட்! கடைமடைக்கு எப்போது வரும் புது சிகிச்சை?

அக்டோபர் வந்துவிட்டால் டைம்லைன் முழுக்க பிங்க் கலர்தான். பிங்க் ரிப்பன், பிங்க் மாரத்தான், பிங்க் லைட் போட்ட கட்டடங்கள். நாமும் ஒரு ஸ்டோரி போடுவோம், நாலு ஹார்ட் விடுவோம், நவம்பர் பிறந்ததும் மறந்துவிடுவோம். 2025 அக்டோபரில் இந்த பிங்க் கூட்டத்துக்கு நடுவில் இரண்டு செய்திகள் வந்தன. தனித்தனியாகப் படித்தால் சாதாரண சயின்ஸ் நியூஸ். சேர்த்துப் படித்தால், நம் வீட்டுப் பெண்களின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

முதல் செய்தி, மருத்துவ நோபல். மேரி ப்ரன்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி மூவருக்கும் கிடைத்தது. நம் உடம்பின் நோய் எதிர்ப்புப் படை நம்மையே தாக்காமல் கட்டுப்படுத்தி வைக்கும் செல்கள் பற்றிய கண்டுபிடிப்புக்காக.

இரண்டாவது செய்தி, பெர்லினில் நடந்த ஐரோப்பியப் புற்றுநோய் மருத்துவர்கள் மாநாட்டிலிருந்து. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் அங்கே ஒரு ஆய்வு முடிவைச் சொன்னார்கள். லட்சக்கணக்கில் விலை போகும் ஒரு இம்யூனோதெரபி மருந்தை மிகக் குறைந்த அளவில் கொடுத்தாலும் மார்பகப் புற்றுநோயில் பலன் தெரிகிறது என்பதுதான் அது.

'சரி, இதுக்கும் காரைக்காலுக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது.

மூன்று பக்கமும் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல், நடுவில் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் ஒரு துண்டு. அதுதான் காரைக்கால். 2011 கணக்கெடுப்பின்படி 2 லட்சம் பேர். பிரதேசத்தின் பெரிய புற்றுநோய் மையம் புதுச்சேரி ஜிப்மரில் இருக்கிறது. காரைக்காலிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர். சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று தமிழ்நாட்டைக் கடந்துதான் சொந்தத் தலைநகருக்கே போக வேண்டும். கீமோ முடிந்து வாந்தி வரும் வயிற்றோடு அதே பஸ்ஸில் திரும்ப வேண்டும். உலகத்தில் எங்கோ வரும் புது மருந்து இந்த ஊருக்கு வந்து சேருவதற்குள் என்னென்ன நடக்க வேண்டும் என்று பார்த்தால், இந்தியாவின் எல்லா சின்ன ஊர்களின் கதையும் புரிந்துவிடும்.

அதற்கு முன்னால் கட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

கட்டி வெட்டும் திருட்டு வாய்க்கால்

புற்றுநோய் என்றதும் நமக்குத் தோன்றுவது ஒரு 'கட்டி'. கெட்ட செல்கள் கூடி உட்கார்ந்திருக்கும் ஓர் உருண்டை. ஆனால், மார்பகத்திலிருந்து எடுத்த திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அங்கே ஒரு கிராமமே இருக்கும். புற்று செல்கள், அவற்றுக்கு நடுவே ஓடும் ரத்தக் குழாய்கள், நார்த்திசு, கொழுப்பு, கூட்டம் கூட்டமாக நோய் எதிர்ப்பு செல்கள்.

இதில் ரத்தக் குழாய் ஏன் முக்கியம்? 1971-ல் ஜூடா ஃபோக்மன் என்ற அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணர் ஒரு கட்டுரை எழுதினார். புதிய ரத்தக் குழாய்கள் முளைக்காவிட்டால் எந்தக் கட்டியும் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வளர முடியாது என்பது அவருடைய வாதம். ஆக்ஸிஜனும் சாப்பாடும் வேண்டுமே! பக்கத்தில் இருக்கும் ரத்தக் குழாய்க்கு 'எனக்கும் ஒரு கிளை விடு' என்று கட்டி ரசாயன சிக்னல் அனுப்புகிறது, அந்த சிக்னலை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடக்கும் என்றார். ஆரம்பத்தில் பலர் நம்பவில்லை. 1989-ல் நெப்போலியோன் ஃபெராரா என்ற விஞ்ஞானியின் குழு அந்த சிக்னல்களில் மிக முக்கியமான ஒன்றைப் பிரித்தெடுத்தது. வி.இ.ஜி.எஃப் என்பது அதன் சுருக்கப் பெயர்.

டெல்டாக்காரர்களுக்கு இதைப் புரிய வைப்பது ரொம்ப ஈஸி. அடுத்தவன் வயலுக்குப் போகும் தண்ணீரை ராத்திரியோடு ராத்திரியாக வாய்க்கால் வெட்டித் தன் பக்கம் திருப்பிக்கொள்ளும் ஆளைப் பார்த்திருப்பீர்கள். கட்டி செய்வது அதே வேலைதான். அந்தக் குழாய் தண்ணீர் கொண்டுவருவதோடு நிற்பதில்லை. புற்று செல்கள் அதே வழியாக வெளியேறி எலும்புக்கும், நுரையீரலுக்கும், கல்லீரலுக்கும் போகின்றன. சாப்பாடு வரும் பாதையும் நோய் பரவும் பாதையும் ஒன்றே.

எல்லா வாய்க்காலையும் அடைத்தால் போதுமா?

'அப்போ குழாயை அடைச்சிட்டா முடிஞ்சுதே!' என்று தோன்றும். மருந்து கம்பெனிகளுக்கும் அப்படித்தான் தோன்றியது. வி.இ.ஜி.எஃப் சிக்னலைத் தடுக்கும் பெவசிசுமாப் என்ற மருந்துக்கு 2004-ல் பெருங்குடல் புற்றுநோய்க்காக அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2008 பிப்ரவரியில் பரவிவிட்ட மார்பகப் புற்றுநோய்க்கும் அனுமதித்தார்கள். ஒரு ஆய்வில், நோய் மேலும் வளராமல் இருந்த காலம் சுமார் 6 மாதத்திலிருந்து 12 மாதத்தை நெருங்கியிருந்தது. பெரிய பரபரப்பு.

அடுத்தடுத்த ஆய்வுகளில் அந்தப் பலன் சுருங்கியது. பெண்கள் கூடுதல் காலம் உயிரோடு இருந்தார்கள் என்பதை எதுவும் நிரூபிக்கவில்லை. ரத்த அழுத்தம், ரத்தக்கசிவு, குடலில் ஓட்டை என்று பக்கவிளைவுகள் இருந்தன. 2011 நவம்பர் 18 அன்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ, மார்பகப் புற்றுநோய்க்கான அனுமதியை ரத்து செய்தது. ஐரோப்பாவில் ஒரு குறிப்பிட்ட கீமோவுடன் சேர்த்துப் பயன்படுத்த அனுமதி தொடர்ந்தது. ஒரே மருந்து, ஒரே தகவல், இரண்டு தீர்ப்பு.

ஏன் எதிர்பார்த்தபடி வேலை செய்யவில்லை? இங்கேதான் ஓர் இந்தியர் வருகிறார். ராகேஷ் ஜெயின். ஐ.ஐ.டி கான்பூரில் 1972-ல் கெமிக்கல் இன்ஜினீயரிங் முடித்தவர், பாஸ்டனில் ஆராய்ச்சியாளர். டாக்டர் இல்லை, இன்ஜினீயர். அதனால் குழாயை இன்ஜினீயர் கண்ணோடு பார்த்தார்.

கட்டி அவசரமாக வெட்டிய குழாய்கள் ஒழுங்காகவே இருப்பதில்லை. வளைந்து நெளிந்து, அங்கங்கே ஒழுகும். ஒழுகிய திரவம் தேங்கி உள்ளே அழுத்தம் கூடும். ஒரு பக்கம் வெள்ளம், இன்னொரு பக்கம் வறட்சி. கீமோ மருந்தை ஏற்றினாலும் கட்டியின் நடுப்பகுதிக்குப் போய்ச் சேராது. இந்த நிலையில் குழாய்களை மொத்தமாக அழித்தால் கட்டிக்குள் ஆக்ஸிஜன் இன்னும் குறையும். ஆக்ஸிஜன் குறைந்த இடத்தில் பிழைக்கும் புற்று செல்கள் இன்னும் முரட்டுத்தனமானவை.

2001-ல் அவர் வைத்த யோசனை பலரைப் புருவம் உயர்த்த வைத்தது. குழாயை அழிப்பதைவிட, கரை உடைந்த வாய்க்காலைச் சரிசெய்வதுபோல கொஞ்ச காலத்துக்குச் சீர்படுத்தலாம், அந்த இடைவெளியில் மருந்தையும் ஆக்ஸிஜனையும் உள்ளே அனுப்பலாம் என்றார். திருடன் வெட்டிய வாய்க்காலையே போலீஸ் உள்ளே போகப் பயன்படுத்துவது மாதிரி! 2016-ல் அதிபர் ஒபாமா கையால் அமெரிக்க தேசிய அறிவியல் பதக்கம் வாங்கினார் ஜெயின்.

காவலுக்கு வந்தவர்களே கட்சி மாறினால்?

போலீஸ் என்றதும் நோய் எதிர்ப்பு செல்கள் ஞாபகத்துக்கு வரும். கட்டியைச் சுற்றி இவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். ஆனால், எல்லாரும் நம் பக்கம் இல்லை. அதுதான் ட்விஸ்ட்.

'டி செல்' என்பவை புற்று செல்லை அடையாளம் கண்டு கொல்லக்கூடியவை. இவை கட்டிக்குள் எவ்வளவு தூரம் நுழைந்திருக்கின்றன என்பது முக்கியமான தகவல்.

'மேக்ரோஃபேஜ்' என்பவை பெருவிழுங்கு செல்கள். குப்பையை, கிருமியை விழுங்குவது இவற்றின் வேலை. காயம்பட்டால் ஆற்றுவதும் இவைதான். கட்டி இவற்றை ஏமாற்றுகிறது. 'இது ஆறாத புண்' என்று நம்பவைத்து, புது ரத்தக் குழாய் முளைக்கச் சொல்லும் சிக்னலை இவை வாயிலாகவே வரவைக்கிறது. நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் மருத்துவக் கல்லூரியில் ஜான் காண்டீலிஸ் குழு மார்பகத் திசுவில் ஒரு விஷயத்தைக் காட்டியது. ஒரு புற்று செல், ஒரு மேக்ரோஃபேஜ், ஒரு ரத்தக் குழாய் செல் மூன்றும் ஒட்டி நிற்கும் இடங்கள்தான், புற்று செல் ரத்தத்துக்குள் நழுவும் வாசல்கள். காவலாளியே கதவைத் திறந்துவிடும் கொடுமை!

அடுத்தது, நோபல் வாங்கிய கட்டுப்பாட்டு செல்கள். 'போதும், நிறுத்து' என்று டி செல்களை அடக்குவது இவற்றின் வேலை. ஆரோக்கியமான உடம்புக்கு இவை அவசியம். கட்டி இவற்றைக் கூட்டி வைத்துக்கொண்டால், கொல்ல வந்த டி செல் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்.

ரத்தக் குழாயும் நோய் எதிர்ப்பும் வேறு வேறு கதை இல்லை என்பதுதான் இதில் விஷயம். வி.இ.ஜி.எஃப் சிக்னல் குழாயை வளர்ப்பதோடு நிற்காமல், எதிரி யார் என்று டி செல்லுக்குக் காட்டிக்கொடுக்க வேண்டிய செல்கள் முதிர்ச்சியடைவதையும் தடுக்கிறது என்று 1996-லேயே கண்டுபிடித்தார்கள். ஒழுகும் குழாயிலிருந்து டி செல் இறங்கி உள்ளே போவதும் கஷ்டம். அதனால் குழாயையும் காவலையும் ஒரே நேரத்தில் சரிசெய்யும் சிகிச்சைகளை முயன்றார்கள். கல்லீரல் புற்றுநோயில் அது ஜெயித்தது. பெவசிசுமாபுடன் ஓர் இம்யூனோதெரபி மருந்தைச் சேர்த்துக் கொடுக்க 2020-ல் எஃப்.டி.ஏ அனுமதித்தது. மார்பகப் புற்றுநோயில் இந்த ஜோடி இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறது.

எது முதலில்: கத்தியா, மருந்தா?

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். அம்மாவுக்கோ சித்திக்கோ மார்பில் கட்டி. வீட்டில் எல்லாரும் சொல்லும் முதல் வார்த்தை என்ன? 'சீக்கிரம் ஆபரேஷன் பண்ணி எடுத்துடுங்க.' பயத்தில் வரும் வார்த்தை அது. தப்பு சொல்ல முடியாது. ஆனால், சில வகை மார்பகப் புற்றுநோய்களில் அந்த அவசரம் ஒரு பெரிய வாய்ப்பைப் பறித்துவிடும்.

மார்பகப் புற்றுநோய் ஒரே நோய் இல்லை. பயாப்ஸி திசுவில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்ட்ரோன் ஏற்பி, ஹெர்-2 என்று மூன்று விஷயங்களைச் சோதிப்பார்கள். மூன்றுமே இல்லையென்றால் 'ட்ரிபிள் நெகட்டிவ்'. வேகமாக வளரும் வகை. மேற்கத்திய நாடுகளில் மார்பகப் புற்றுநோயில் 10 முதல் 15% இந்த வகை. இந்திய ஆய்வுகளில் 30%-ஐ ஒட்டி வருகிறது. அதோடு, மேற்கத்திய நாடுகளைவிட நம் ஊரில் இளம் வயதிலேயே மார்பகப் புற்றுநோய் வருகிறது.

ஹார்மோன் மாத்திரையும் ஹெர்-2 ஊசியும் வேலை செய்யாததால் ட்ரிபிள் நெகட்டிவுக்குப் பல வருடங்களாகக் கீமோ மட்டும்தான் வழி. 2021 ஜூலையில் நிலைமை மாறியது. பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தை, ஆபரேஷனுக்கு முன்பே கீமோவுடன் சேர்த்துத் தொடங்கவும் ஆபரேஷனுக்குப் பிறகு தொடரவும் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள். கட்டிக் கிடக்கும் டி செல்களின் கையை அவிழ்த்துவிடும் மருந்து இது. இந்த வகை சிகிச்சைக்கு வழி திறந்த ஜேம்ஸ் அலிசன், தசுகு ஹோன்ஜோ இருவருக்கும் 2018-லேயே நோபல் கிடைத்துவிட்டது.

அனுமதிக்குக் காரணமான கீநோட்-522 ஆய்வில், ஆபரேஷன் செய்து பார்த்தபோது புற்றே மிச்சமில்லாமல் கரைந்துபோனவர்கள், கீமோ மட்டும் வாங்கியவர்களில் 51.2%. இம்யூனோதெரபியும் சேர்ந்தவர்களில் 64.8%. ஐந்து வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 81.7%-லிருந்து 86.6% ஆகக் கூடினார்கள். நூறு பேரில் ஐந்து பேர். அந்த ஐந்து பேரில் ஒருவர் உங்கள் அம்மாவாக இருந்தால் அது சின்ன எண்ணே கிடையாது.

கவனிக்க வேண்டியது, 'ஆபரேஷனுக்கு முன்பே' என்ற வார்த்தை. கட்டி உள்ளே இருக்கும்போதே கையை அவிழ்த்துவிட்டால், டி செல்களுக்கு எதிரியின் முகம் முன்னாலேயே இருக்கிறது. பார்த்துப் பழகிக்கொள்ளும். பிறகு உடம்பில் வேறெங்காவது ஒளிந்திருக்கும் செல்லையும் தேடிப் பிடிக்கும் என்பது இதன் லாஜிக். இன்னொரு லாபமும் உண்டு. மருந்துக்குக் கட்டி எப்படிப் பதில் சொல்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். ஆபரேஷனுக்குப் பிறகு என்ன மருந்து என்பதை அதை வைத்தே முடிவு செய்வார்கள். கட்டியை முதலிலேயே வெட்டி எடுத்துவிட்டால் இந்த இரண்டு கதவும் சாத்திக்கொள்ளும். சுமார் 2 சென்டிமீட்டருக்கு மேல் போன, அல்லது அக்குள் நெறிக்கட்டிக்குப் பரவிய ட்ரிபிள் நெகட்டிவ், ஹெர்-2 பாசிட்டிவ் வகைகளில் முதலில் மருந்து, பிறகு கத்தி என்பது இப்போது பொதுவான நடைமுறை.

இது தெரிய வேண்டுமானால் கத்திக்கு முன்னால் ரிப்போர்ட் கையில் இருக்க வேண்டும். மொத்தக் கட்டுரையில் நீங்கள் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வதாக இருந்தால், இது போதும்.

17 டோஸ்... யார் கொடுப்பது?

'எல்லாம் சரி, பணம்?' நியாயமான கேள்வி.

கீநோட்-522 முறைப்படி ஆபரேஷனுக்கு முன் 8, பின் 9, மொத்தம் 17 டோஸ். ஒரு டோஸே லட்சக் கணக்கில். ஆயுஷ்மான் பாரத் காப்பீடு ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய். கணக்கு எங்கே உதைக்கிறது என்று சொல்லத் தேவையில்லை. 2025 செப்டம்பரில் மருந்துகளுக்கான ஜி.எஸ்.டி-யை 12%-லிருந்து 5% ஆக்கினார்கள், 33 உயிர்காக்கும் மருந்துகளுக்கு முழுசாக நீக்கினார்கள். நல்ல விஷயம்தான். ஆனால், அடிப்படை விலையே மலை மாதிரி இருக்கும்போது வரியில் குறைவது கூழாங்கல்.

அதனால்தான் எய்ம்ஸ் ஆய்வு பெரிய செய்தி ஆகிறது. வழக்கமாக ஆபரேஷனுக்கு முன் 200 மில்லிகிராம் வீதம் 8 முறை, மொத்தம் 1,600 மில்லிகிராம் கொடுப்பார்கள். எய்ம்ஸ் மருத்துவர்கள் 6 வாரத்துக்கு ஒருமுறை 50 மில்லிகிராம் வீதம் மூன்றே முறை கொடுத்தார்கள். மொத்தம் 150. பத்தில் ஒரு பங்குகூட இல்லை! 157 பெண்கள் பங்கேற்ற அந்த ஆய்வில், கட்டி முழுசாகக் கரைந்தவர்கள் கீமோ மட்டும் வாங்கியவர்களில் 40.5%. குறைந்த டோஸ் இம்யூனோதெரபியும் சேர்ந்தவர்களில் 53.8%.

உடனே குதிக்க வேண்டாம். 157 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. கட்டி கரைந்ததா என்று பார்த்திருக்கிறார்கள். எத்தனை வருடம் உயிர் வாழ்கிறார்கள் என்பது பெரிய ஆய்வுகளில்தான் தெரியும். ஆனால், திசை நம்பிக்கை தருகிறது. ஏற்கெனவே மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை, முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோயில் இதே பாதையில் போயிருக்கிறது. நிவோலுமாப் மருந்தை 20 மில்லிகிராம் மட்டும், மூன்று வாரத்துக்கு ஒருமுறை, குறைந்த அளவு மாத்திரைகளுடன் சேர்த்துக் கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 16.3%-லிருந்து 43.4% ஆனார்கள். விடாமல் கொடுக்கப்படும் அந்தக் குறைந்த டோஸ் மாத்திரைகளுக்குக் கட்டியின் ரத்தக் குழாய் முளைப்பதைத் தடுக்கும் குணமும் உண்டு. குழாயும் காவலும் ஒரே சிகிச்சையில் சந்தித்த இடம், நம் மும்பை.

இன்னொரு நம்பிக்கை, காலம். பெம்ப்ரோலிசுமாபின் முக்கியக் காப்புரிமைகள் 2028-ல் முடிகின்றன. ஹெர்-2 பாசிட்டிவ் வகைக்கான ட்ராஸ்டுசுமாப் மருந்துக்கு இந்தியாவிலேயே தயாரான மாற்று 2014-ல் சந்தைக்கு வந்தது. பிறகு போட்டி கூடக்கூட விலை இறங்கியது. டாடா மெமோரியல் முன்னெடுத்த தேசியப் புற்றுநோய் கூட்டமைப்பு 40 மருந்துகளை மொத்தமாகப் பேரம் பேசி வாங்கியபோது சுமார் 82% மிச்சமானது. விலை என்பது விதி இல்லை. சேர்ந்து கேட்டால் குறையும்.

கடைமடைக்கு என்ன வர வேண்டும்?

மேட்டூரில் தண்ணீர் திறந்தால் செய்தி அன்றைக்கே வந்துவிடும். தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர நாளாகும், சில வருடம் வராமலும் போகும். காரைக்கால் விவசாயிகளுக்கு இது பழகிய கதை. மருத்துவமும் அப்படித்தான்.

காரைக்காலில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. அரசு பொது மருத்துவமனை இருக்கிறது. 2016-ல் ஜிப்மரின் காரைக்கால் மருத்துவக் கல்லூரியில் வகுப்புகள் தொடங்கின. 2024 பிப்ரவரியில் அதன் புதிய வளாகத்தைப் பிரதமர் திறந்துவைத்தார். 2025 மத்திய பட்ஜெட்டில், மூன்று வருடத்துக்குள் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் புற்றுநோய் பகல்நேர சிகிச்சை மையம், முதல் வருடத்தில் 200 மையம் என்று அறிவித்தார்கள். காரைக்காலும் ஒரு மாவட்டம்தான். கீமோவுக்கும் ஊசிக்கும் 130 கிலோமீட்டர் போய்வரும் அலைச்சல் குறைந்தால், சிகிச்சையைப் பாதியில் விடுபவர்கள் குறைவார்கள்.

ஆனால், ஊசி போடும் நாற்காலி மட்டும் வந்தால் போதாது. எந்த ஊசி என்று முடிவு செய்யும் திசுப் பரிசோதனையும் கூடவே வர வேண்டும். இதில் ஒரு சின்ன சந்தோஷம் இருக்கிறது. கட்டிக்குள் நுழைந்த நோய் எதிர்ப்பு செல்களை எண்ண விலையுயர்ந்த மெஷின் தேவையில்லை. எல்லா பேத்தாலஜி லேபிலும் போடும் சாதாரண பிங்க், ஊதா சாயம் பூசிய ஸ்லைடு, ஒரு மைக்ராஸ்கோப், பயிற்சி பெற்ற ஒரு ஜோடிக் கண்கள் போதும். எப்படி எண்ணுவது என்று சர்வதேச வழிகாட்டியே இருக்கிறது.

அந்த எண்ணிக்கை எவ்வளவு பேசுகிறது தெரியுமா? கீமோ வாங்காத 1,966 ட்ரிபிள் நெகட்டிவ் நோயாளிகளை வைத்து 2024-ல் ஜாமா இதழில் ஒரு ஆய்வு வந்தது. முதல் ஸ்டேஜில் இருந்தவர்களில், இந்த செல்கள் 50%-க்கு மேல் நிறைந்திருந்தவர்களில் 95% பேர் ஐந்து வருடம் தாண்டி உயிரோடு இருந்தார்கள். 30%-க்குக் கீழே இருந்தவர்களில் அது 82%. 'அப்போ கீமோ வேண்டாமா?' என்று கேட்காதீர்கள். அந்த முடிவுக்குத் தனி ஆய்வுகள் தேவை. ஆனால், ஒரு சாதாரண ஸ்லைடுக்குள் இவ்வளவு தகவல் இருக்கும்போது அதைப் படிக்காமல் விடுவது நியாயமா?

ஸ்லைடை ஸ்கேன் செய்து அனுப்பினால் புதுச்சேரியிலோ மும்பையிலோ இருக்கும் நிபுணர் அன்றைக்கே பார்க்கலாம். வலியோடு இருக்கும் பெண் பயணம் செய்வதைவிட அவளுடைய ஸ்லைடு பயணம் செய்வது எளிது, மலிவு. மாவட்ட மையங்களைத் திட்டமிடும்போது கட்டில் எண்ணிக்கையோடு இதையும் சேர்த்துக் கேட்க வேண்டியது நம் எல்லாருடைய வேலை.

இன்னும் ஒரு படி முன்னால் போகலாம். இந்தியாவில் 2022-ல் சுமார் 1.92 லட்சம் பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் வந்தது. சுமார் 98,000 பேர் இறந்தார்கள். 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 0.9% மட்டுமே என்கிறது 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு. நூறு பேரில் ஒருவர்கூட இல்லை! மும்பைக் குடிசைப் பகுதிகளில் 1.5 லட்சம் பெண்களை 20 வருடம் கவனித்த டாடா மெமோரியல் ஆய்வு 2021-ல் வெளியானது. பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் சோதித்துப் பார்த்ததிலேயே நோய் முன்கூட்டிய கட்டத்தில் பிடிபட்டது. 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் இறப்பு கிட்டத்தட்ட 30% குறைந்தது. மெஷின் இல்லை, மேமோகிராம் இல்லை. பழகிய கைகள் மட்டும்.

ரீல்ஸ் டாக்டர்கள் ஜாக்கிரதை

'ரத்தக் குழாயை அடைத்துக் கேன்சரைப் பட்டினி போடும் 5 உணவுகள்' என்ற டைப்பில் வீடியோக்கள் உங்கள் போனுக்கும் வந்திருக்கும். இந்த ஐடியா 2010-ல் வில்லியம் லீ என்ற டாக்டர் பேசிய ஒரு டெட் டாக் மூலம் உலகம் முழுக்கப் பிரபலமானது. லேபில் ஒரு தட்டில் வைத்த செல்மீது வேலை செய்யும் பொருள், வயிற்றுக்குள் போய், கட்டி வரைக்கும் சென்று அதே வேலையைச் செய்யும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மஞ்சளில் இருக்கும் குர்குமினையே எடுத்துக்கொள்ளுங்கள். 120-க்கும் மேற்பட்ட மருத்துவ ஆய்வுகள் நடந்தும், கறாரான முறையில் செய்த ஒன்றில்கூட அது வெற்றி பெறவில்லை என்று 2017-ல் ஒரு வேதியியல் மதிப்பாய்வு சொன்னது. உடம்பு அதைச் சரியாக உறிஞ்சிக்கொள்வதே இல்லை. மீன் குழம்பில் மஞ்சள் போடுங்கள், ருசியாக இருக்கும். கீமோவுக்குப் பதிலாகப் போடாதீர்கள்.

'இம்யூனிட்டி பூஸ்டர்' பொடிகளும் இதே கதைதான். கட்டிக்குள் இருக்கும் பிரச்னை படைபலம் குறைவு மட்டும் இல்லை. கட்சி மாறிய காவலாளிகளும், கை கட்டப்பட்ட டி செல்களும்தான். எந்தக் கஷாயத்துக்கும் அந்த முடிச்சை அவிழ்க்கத் தெரியாது.

'பயாப்ஸி ஊசி குத்தினா கேன்சர் பரவிடும்' என்ற பேச்சு இதைவிட ஆபத்தானது. அந்தப் பயத்தில் ஊசியைத் தள்ளிப்போட்டால், மேலே சொன்ன எந்தச் சிகிச்சையையும் தேர்ந்தெடுக்கவே முடியாது.

டாக்டரிடம் கேளுங்கள்

வீட்டில் போன் உங்கள் கையில்தான் இருக்கிறது. அம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது இந்தக் கேள்விகளை நோட்ஸில் சேவ் பண்ணிக்கொள்ளுங்கள்.

1. ஊசி மூலம் திசு எடுக்கும் பயாப்ஸி செய்துவிட்டோமா? ஆபரேஷனுக்கு முன்பே முழு ரிப்போர்ட் வருமா?

2. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன், ஹெர்-2 மூன்றின் முடிவும் என்ன?

3. இந்த வகைக்கு முதலில் மருந்தா, ஆபரேஷனா? ஏன்?

4. ட்ரிபிள் நெகட்டிவ் என்றால், கட்டிக்குள் நோய் எதிர்ப்பு செல்கள் எவ்வளவு என்று ரிப்போர்ட்டில் எழுத முடியுமா?

5. இம்யூனோதெரபி எங்களுக்குப் பொருந்துமா? காப்பீடு எவ்வளவு தரும்? நாங்கள் சேரக்கூடிய ஆய்வு ஏதாவது நடக்கிறதா?

6. எந்தச் சிகிச்சையை ஊரிலேயே எடுக்கலாம், எதற்கு மட்டும் பெரிய மையத்துக்குப் போக வேண்டும்?

கேள்வி கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று தயங்காதீர்கள். இரண்டு வாரம் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருப்பதால் பெரும்பாலும் நோய் கைமீறிப் போய்விடாது. ரிப்போர்ட் இல்லாமல் செய்த ஆபரேஷனைத் திரும்பப் பெற முடியாது.

அதேநேரம் கட்டி தெரிந்தும் மாசக்கணக்கில் மறைத்து வைப்பது வேறு. வலி இல்லாத கட்டி, தோலில் குழி, காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொள்வது, காம்பிலிருந்து ரத்தம், அக்குளில் கட்டி. இதில் எது தெரிந்தாலும் அந்த வாரமே டாக்டரைப் பார்க்க வேண்டும். 'வலிக்கலையே' என்பது காரணமே இல்லை, பெரும்பாலான புற்றுக் கட்டிகள் ஆரம்பத்தில் வலிப்பதில்லை.

வீட்டில் வெட்கம் இன்னும் பெரிய சுவர்தான். 'அங்கே' என்று சைகை காட்டுவார்களே தவிர, வாய் திறந்து 'மார்பு' என்று சொல்ல மாட்டார்கள். அந்த வார்த்தையை முதலில் சொல்ல வேண்டியது இந்தத் தலைமுறைதான். இன்று ராத்திரி சாப்பிடும்போது அம்மாவிடம், அத்தையிடம், பாட்டியிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "மார்புல எப்பவாச்சும் செக் பண்ணிப் பார்த்திருக்கியாம்மா?"